வலிக்காத விரல்கள்

அபிராமி அந்த வெள்ளை பனியனை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள்.

"எங்க ஊத்துக்குளில வெண்ணெய்க்குத்தானுங்க மேடம் இந்த மரியாதை. பனியனுக்குக் குடுத்து இப்பத்தான் பாக்கறேன்" என்றார் கிட்டுசாமி.

அவள் சிரிக்கவில்லை. அவரும் அவள் சிரிப்பாள் என்று நினைத்துச் சொல்லவில்லை. திருப்பூரில் கிட்டுசாமி ஏறி இறங்காத பனியன் கம்பெனி கிடையாது. எல்லாவற்றிலும் குவாலிட்டி பார்த்தார், எல்லாவற்றிலும் முதலாளியின் முகத்துக்கு நேராக உள்ளதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் துப்பறியும் நிறுவனம் நடத்திய இந்தப் பெண்ணிடம் உதவியாளராக வந்து சேர்ந்தார். இவள் ஒருத்தியிடம்தான் வாயைத் திறந்தும் வேலை போகவில்லை.

ஏற்றுமதிக் கோட்டா ஒழிந்து, ஊரே மூச்சு விடாமல் தைத்துத் தள்ளிக்கொண்டிருந்த வருஷம் அது. பொங்கியண்ணன் கம்பெனியும் தைத்துத் தள்ளியது. ஜெர்மனிக்குப் போன வெள்ளை டீ-ஷர்ட்டுகள் மட்டும் போன வேகத்திலேயே திரும்பி வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் கடுகளவு வெட்டு. தையல் முடிந்த துணியில் தொங்கும் நூலை வெட்டிச் சுத்தம் செய்யும் செக்கிங் பகுதியில், யாரோ வேண்டுமென்றே நூல் வெட்டும் கட்டரால் துணியையும் வெட்டியிருக்கிறார்கள் என்றார் பொங்கியண்ணன். தோட்டத்தை விற்றுக் கம்பெனி போட்டவர். கோபத்திலும் பேச்சில் மரியாதை குறையாது.

"நீங்க புதுசா ஒண்ணும் கண்டுபுடிக்க வேண்டாமுங்க அம்மணி. ஆளு ஆருன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. கேஸ் நிக்கறாப்பல ஒரு ஆதாரம் மட்டும் எடுத்துக் குடுங்க. சாயங்காலம் ஸ்டேஷன்ல ஒப்படைச்சரலாமுங்க."

ஆள் என்று அவர் சொன்னது பாண்டியம்மாளை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வெள்ளைத் துணி ஓடும் நாட்களில் செக்கிங்கில் ஜன்னல்களை அடைத்து, ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். ரோட்டுத் தூசியும் பஞ்சும் பறந்து வந்து ஒட்டினால் பீஸ் போச்சு. மூச்சு முட்டுகிறது, ஜன்னலைத் திறங்கள் என்று அவள் எல்லார் முன்னாலும் சண்டை போட்டிருக்கிறாள். கேட்காமல் போகவே, இந்தத் துணி விளங்காமல் போகட்டும் என்றும் சொல்லியிருக்கிறாள். வாய் விட்டதுதான் குற்றம். காலையிலிருந்து ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து, வாசலில் வாட்ச்மேனை நிறுத்தியிருந்தார்கள்.

அபிராமி திரும்பி வந்த பீஸ்களை மேஜை மேல் வரிசையாகப் பரப்பினாள்.

"கிட்டு, நீங்க ஒரு பனியனைக் கெடுக்கணும்னா எங்க வெட்டுவீங்க?"

"நடு நெஞ்சுலீங்க. பாத்ததும் வயிறு எரியணுமில்லீங்களா."

"இது எல்லாமே நூல் தொங்கற இடத்துல இருக்கு. கீழ் மடிப்பு, கை மடிப்பு. வேலை நடக்க வேண்டிய இடத்துலதான் கட்டர் தவறியிருக்கு. அப்புறம் இதைப் பாருங்க."

துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் தெரிந்தது. கிட்டுசாமிக்கு அது பழக்கமான வளையம்தான். எண்ணெய்க் கறை பட்ட பீஸில் கெமிக்கலை ஸ்ப்ரே கன்னால் பீய்ச்சி எடுத்துவிட்டு, சரியாக உலர்த்தாமல் விட்டால் இப்படித்தான் நிற்கும். ஆனால் நூல் வெட்டும் மேஜையில் எண்ணெய்க்கு வேலையில்லை. வெட்டு இருக்கும் இடத்தில் எல்லாம் தவறாமல் விழுகிற கறை எது என்று யோசித்தார். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

"ரத்தமுங்களா?"

அபிராமி தலையசைத்தாள். துணியை வெட்டியவர் விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டிருக்கிறார். சதி செய்கிறவர்கள் இத்தனை முறை சொந்த விரலை அறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

பாண்டியம்மாளின் கையைப் பார்க்க ஸ்டோர் ரூமுக்குப் போனார்கள். அவள் துணி மூட்டைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் இரண்டு கைகளையும் நீட்டி, ரேகை பார்த்துச் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டாள். விரல்களில் ஒரு கீறல் இல்லை. தன் இடம் கதவோரம் என்றும், புழுக்கம் தாங்காமல் தூக்குவாளியை அண்டக் கொடுத்துக் கதவைத் திறந்து வைப்பேன் என்றும், அதற்குத் தினமும் திட்டு வாங்குவேன் என்றும் சொன்னாள். கறை எடுக்கும் கன் யாரிடம் என்று அபிராமி கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரருட்டதான். சோணைமுத்து" என்றாள் பாண்டியம்மாள். பிறகு குரலைத் தணித்து, "காலையில இருந்து ஒரு வார்த்தை எனக்காகப் பேசலக்கா அவுக" என்றாள்.

வெளியே வந்ததும் கிட்டுசாமி கணக்குப் போட்டுவிட்டார். ரத்தத்தைத் துடைத்தவன் அவன். யார் வெட்டினார்கள் என்பது தெரிந்தவன் அவன். பெண்டாட்டி ஸ்டேஷனுக்குப் போகப் போகிறாள், அவன் வாயில் கொழுக்கட்டை. போட்டிக் கம்பெனிக்காரன் யாரோ அவனை வளைத்துப் போட்டிருக்கிறான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சோணைமுத்து கேட்டைத் தாண்டி வெளியே நழுவியபோது, அந்த எண்ணம் தீர்ப்பாகவே ஆகிவிட்டது.

அபிராமி ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே பின்தொடர்ந்தாள். கிட்டுசாமி நடந்தார். சோணைமுத்துவின் நடை விசித்திரமாக இருந்தது. முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போட்டு நடந்தான். திருப்பத்தில் அவனுடைய ஒரு செருப்பு கழன்று ரோட்டிலேயே கிடந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறுமையுமாகப் போய்க்கொண்டே இருந்தான்.

"உச்சி வெயில்லயே ஊத்திட்டானுங்க மேடம்."

"குடிச்சவன் செருப்பைத் தேடி வருவான். தார் ரோடு இந்தக் கொதி கொதிக்குது, அவருக்குச் சுடலையே. அதை எடுத்துக்குங்க" என்றாள் அபிராமி.

கிட்டுசாமி சாட்சிப் பொருளை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டார்.

சோணைமுத்து பஸ் ஸ்டாண்ட் ஓரத்து லாட்ஜ் ஒன்றில் நுழைந்தான். அதன் சுவர் முழுக்க ஒரே போஸ்டர். நரம்புத் தளர்ச்சியா, கை கால் நடுக்கமா, இளமையில் செய்த தவறா, தாம்பத்தியத்தில் தோல்வியா, மாதம் ஒருமுறை வைத்தியர் இங்கே தங்குகிறார். அபிராமி அதைப் படித்துவிட்டு ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டாள். ஆண்கள் மட்டும் ஏறும் அந்த மாடிப்படியைக் கண்ணால் காட்டினாள்.

"போயிட்டு வாங்க கிட்டு."

"எங்க ஊட்டுக்காரி கண்ணுல பட்டா நீங்கதானுங்க வந்து சாட்சி சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறினார்.

மாடியில் போட்டிக் கம்பெனிக்காரன் யாரும் இல்லை. பெஞ்சில் ஆண்கள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சோணைமுத்துவுக்கு அடுத்து முனீஸ், அதே செக்கிங். அந்தப் பக்கம் இருந்த இருவரையும் காலையில் அதே அறையில்தான் பார்த்திருந்தார். தினமும் ஒரே மேஜையில் வேலை பார்க்கிறவர்கள், முன்பின் தெரியாதவர்கள்போல ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் விரல்களிலும் துணி சுற்றியிருந்தது.

கிட்டுசாமி செருப்பை நீட்டினார். சோணைமுத்து தன் காலைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

படிக்கட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்ததும், பெண்டாட்டி ஜெயிலுக்குப் போகப்போகிறாள், நீ லேகியத்துக்கு வரிசையில் நிற்கிறாயே என்று கிட்டுசாமி வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். அவன் விரலில் சுற்றிய துணியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்.

"பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்குண்ணே. விரல் அறுந்தா வலிக்க மாட்டேங்குது. துணியில செவப்பாத் தெரிஞ்சாத்தான் அறுத்துக்கிட்டதே தெரியும். மத்தவய்ங்களும் அறுத்துக்கிட்டா பயந்துபோயி எங்கிட்ட கொண்டாருவாய்ங்க, நான் அடிச்சு எடுத்துருவேன். இதச் சொல்லணும்னா நரம்புக் கோளாறுன்னு சொல்லணும்ல. அந்தச் செவுத்துல என்ன எழுதியிருக்கு, படிச்சீகளா? அவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல?"

கிட்டுசாமிக்கு நாக்கு நுனியில் ஒரு கேலி வந்தது. விழுங்கிவிட்டார். ஒரு அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே வியாதி. அத்தனை பேரும் அது தன் ஒருவனுடைய பாவத்துக்கு வந்த கூலி என்று நினைத்து, பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறார்கள். அந்தப் போஸ்டரை ஒட்டியவன் மேல் அவருக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நரம்பியல் நிபுணர் டாக்டர் சுபஸ்ரீ அபிராமிக்குத் தெரிந்தவள். அவளுடைய கிளினிக்கில் நான்கு பேரையும் கொண்டுபோய் நிறுத்தினார்கள். டாக்டர் சின்ன சுத்தியலால் முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டினாள். முழங்கால் லேசாக அசைந்தது, கணுக்கால் அசையவில்லை. இசைக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்து, அதிர்கிறதா என்று கேட்டாள். எது அதிர்கிறது என்று முனீஸ் திருப்பிக் கேட்டான்.

டாக்டர் சொன்னதைக் கிட்டுசாமி தன் பாஷையில் மாற்றி மாற்றிப் புரிந்துகொண்டார். மூளையும் தண்டுவடமும் நன்றாக இருக்கின்றன. அங்கிருந்து கிளம்பிக் கை கால் நுனிவரை ஓடுகிற புற நரம்புகள்தான் கெட்டிருக்கின்றன. மெயின் லைனில் கரண்ட் இருக்கிறது, வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் போய்விட்டது. பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் விழும். இது இரண்டு பக்கமும் ஒன்றுபோல, நீளமான நரம்பு முதலில் என்ற கணக்கில் பாதத்தில் தொடங்கி ஏறுகிறது, பிறகுதான் விரலுக்கு வரும். பெரிஃபெரல் நியூரோபதி என்று பெயர். பாதம் தொங்கித் தொப்பென்று விழுவதற்கு ஃபுட் டிராப். ஊரில் மதமதப்பு என்பதற்குப் பாரஸ்தீசியா. கையுறையும் சாக்ஸும் மூடுகிற இடம் மட்டும் உணர்ச்சி போவதால், இந்த அமைப்புக்கு குளவ் அண்ட் ஸ்டாக்கிங் என்றே மருத்துவத்தில் பெயர் உண்டாம்.

"தைக்கறதுல எதையும் விட்டு வெக்கலீங்க திருப்பூரு" என்றார் கிட்டுசாமி. டாக்டர் சிரிக்கவில்லை. கன்னில் என்ன கெமிக்கல் போடுகிறீர்கள் என்று சோணைமுத்துவைக் கேட்டாள். முன்பு டப்பாவில் வந்தது, இப்போது பெயர் ஒட்டாத கேனில் வருகிறது, வேலை முடிந்து கை கழுவுவதும் அதில்தான் என்றான் அவன். அதில் ஹெக்சேன் இருக்க வேண்டும், அதன் ஆவி நரம்பைத் தின்றுவிடும், பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றாள் டாக்டர். ஜன்னல் அடைத்த அறையில் கன் பிடிப்பவன் மட்டுமல்ல, பக்கத்து மேஜைக்காரரும் அதைத்தான் சுவாசிக்கிறார்.

"அப்ப இது நரம்புத் தளர்ச்சி இல்லியா டாக்டர்?" என்று சோணைமுத்து தரையைப் பார்த்துக் கேட்டான்.

"அந்தப் பேர்ல வியாதி சுவத்துலதாங்க இருக்கு. நான் படிச்ச புத்தகத்துல இல்ல. நீங்க ஒரு தப்பும் பண்ணல. அந்தக் காத்த விட்டு வெளிய வந்துட்டா நரம்பு மெதுவா வளரும். அங்கேயே இருந்தா மேல ஏறும்."

சோணைமுத்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. முனீஸ் அவன் தோளில் கை போட்டான். காலையிலிருந்து கிட்டுசாமி பார்த்ததில் மனசுக்கு நிறைவான காட்சி அது ஒன்றுதான்.

பொங்கியண்ணன் அறைக்கு அவர்கள் திரும்பியபோது ஷிஃப்ட் முடிந்திருக்கவில்லை. பாண்டியம்மாளை ஸ்டோர் ரூமிலிருந்து வரவழைக்கச் சொன்னாள் அபிராமி. வெட்டு, வளையம், செருப்பு என்று ஒவ்வொன்றாக அவள் அவிழ்த்து வைத்ததைக் கிட்டுசாமி பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல துப்பறிவாளர் எல்லாருக்கும் இருக்கிற ஒரு சின்ன மயக்கம் அவளுக்கும் உண்டு. கண்டுபிடித்ததை நாலு பேர் முன்னால் அழகாகச் சொல்லிக் காட்ட வேண்டும். பாண்டியம்மாள் கணவனின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்கவில்லை, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொங்கியண்ணன் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார். பாண்டியம்மாளிடம், தப்பா நெனச்சுப்போட்டோம், மனசுல வெச்சுக்காதம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவள் பேரில் இனி எந்தக் கேஸும் இல்லை என்றார். பிறகு அபிராமியிடம் திரும்பினார்.

"ஒடம்புல இது இருக்குதா இல்லியான்னு நம்மளாட்ட படிக்காதவிய எப்படிங்க அம்மணி தெரிஞ்சுக்கறது?"

அக்கறையான கேள்வி என்றுதான் இருவருமே நினைத்தார்கள். அபிராமி சோணைமுத்துவை எழுந்து குதிகாலில் நடக்கச் சொன்னாள். அவன் முன்பாதத்தைத் தூக்கப் பார்த்தான். அது எழவில்லை. நாலு அடிக்குள் மேஜையைப் பிடித்துக்கொண்டான். பொங்கியண்ணன் அவன் காலைக் குனிந்து பார்த்தார். அந்தப் பார்வையைக் கிட்டுசாமி கன்னபுரம் மாட்டுச் சந்தையில் பார்த்திருக்கிறார்.

பொங்கியண்ணன் மணியை அடித்து, செக்கிங்கில் இருக்கும் அத்தனை பேரையும் வராண்டாவுக்கு வரச் சொன்னார்.

ஒவ்வொருவராகக் குதிகாலில் நடந்தார்கள். எதற்கென்று தெரியாததால் சில பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். நடக்க முடிந்தவர்களை உள்ளே போகச் சொன்னார் பொங்கியண்ணன். முடியாதவர்களை வாசல் கேட் பக்கம் நிற்கச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வேன் வரப் போகிறது என்று நினைத்து அவர்கள் நின்றார்கள். சோணைமுத்து போய் அவர்களோடு நின்றான். முனீஸும் போனான்.

பொங்கியண்ணன் அவர்களிடம் போய், ஒவ்வொருவர் தோளையும் தொட்டார்.

"ஊருக்குப் போயி நல்லா ரெஸ்ட் எடு கண்ணு. ஒடம்புதான் முக்கியம். நாளையிலிருந்து வர வேண்டாம்."

அபிராமி அவர் பின்னாலேயே ஓடினாள். அனுப்ப வேண்டியது இவர்களை அல்ல, அந்தக் கேனை என்றாள். ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். வெள்ளைத் துணி ஓடுதுங்களே அம்மணி, தூசி விழுகுமுங்களே என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. தொழிற்சாலை இன்ஸ்பெக்டரிடம் போவேன் என்றாள். இங்கே வேலை பார்த்ததற்கு ஆதாரமாக அவர்களிடம் ஒரு அடையாள அட்டைகூடக் கிடையாது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது.

"தாராளமாக் கூட்டிட்டு வாங்க" என்றார் பொங்கியண்ணன். "உள்ள இருக்கற ஒவ்வொருத்தரையும் குதிகால்ல நடக்கச் சொல்லிப் பாக்கட்டுமுங்க. எல்லாரும் நல்லா நடப்பாங்க."

கேட்டுக்கு வெளியே அவர்களை அனுப்பிச் சாத்திய பிறகு, அவர் பாண்டியம்மாளைக் கூப்பிட்டார். அவளுக்குச் செய்த தப்புக்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு உண்மையிலேயே தோன்றியிருக்கும்போல. கறை எடுக்கிற வேலைக்குக் கூலி கூட, உன் வீட்டுக்காரனுக்கும் இனி வேலை இல்லை, அவன் கன்னை நீயே பிடித்துக்கொள் என்றார்.

கிட்டுசாமி அவளை வேண்டாம் என்று தலையாட்டிப் பார்த்தார். அவள் கேட்டைப் பார்த்தாள், ரெண்டு பிள்ளைகளும் வாடகை வீடும் அந்தப் பக்கம் இருந்தன. வேறு கம்பெனியில் கேட்டால், அங்கேயும் வெள்ளைத் துணிதான் ஓடிக்கொண்டிருக்கும். அவள் அபிராமியிடம் வந்து நின்றாள்.

"என்னையப் போலீசுல குடுத்திருந்தா, என் ஒருத்தியோட போயிருக்கும்க்கா."

அதில் கோபம் இல்லை. நடந்ததைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுடைய தூக்குவாளியைக் கதவோரத்திலிருந்து எடுத்து யாரோ மேஜை மேல் வைத்தார்கள். கதவு சாத்திக்கொண்டது. அபிராமி சாத்திய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிட்டுசாமி மட்டும் வெளியே வந்தார். எல்லாரும் கலைந்து போயிருந்தார்கள். சோணைமுத்து ஒருவன் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தான். முகம் காலையில் பார்த்ததைவிடத் தெளிவாக இருந்தது. வேலை போனால் போகட்டும், அவமானம் போய்விட்டது என்றான். பெண்டாட்டியை ஸ்டேஷனுக்கு அனுப்பவில்லை, அது போதும் என்றான். அந்த மேடத்தைக் கும்பிட வேண்டும் என்றான்.

"எம் பொண்டாட்டி எங்கண்ணே, வரலையா?"

"வேலைக்கு உள்ள போயிட்டாங்க தம்பி."

"பழைய எடத்துலதான? கதவு பக்கத்துல?"

வாழ்நாளெல்லாம் முகத்துக்கு நேராக உள்ளதைச் சொல்லியே வேலையை விட்ட கிட்டுசாமி, அவன் காலிலிருந்து மறுபடி கழன்று கிடந்த செருப்பைக் குனிந்து எடுத்து மாட்டிவிட்டார். நிமிர்ந்து, ஆமா தம்பி என்றார்.